சிவப்பு விளக்கை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு

குழந்தைகளின் கிட்டப்பார்வைக்குச் சிவப்பு ஒளிக் கருவியைப் பரிந்துரைக்கும் கண் மருத்துவர்களே, ஆப்டோமெட்ரிஸ்டுகளே, அதை விலைக்கும் வாடகைக்கும் கொடுக்கும் நிறுவனத்தாரே,

முழுப் பரீட்சை முடியப்போகும் நேரம் பார்த்து எங்கள் பள்ளி வாசலில் உங்கள் துண்டறிக்கையை விநியோகித்திருக்கிறார்கள். "மைனஸ் பவர் இனி ஏறாது. வீட்டிலேயே தினமும் ஆறே நிமிடம். ஊசி இல்லை, மருந்து இல்லை, பக்கவிளைவு அறவே இல்லை. மூன்று வயது முதல் பயன்படுத்தலாம். கோடை விடுமுறைச் சலுகை உண்டு." பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கண்களைப் பதித்தபடி சிரிக்கும் குழந்தையின் படம். இதே வாசகங்கள் அச்சிட்ட இதே தாளைக் காட்டித்தான் என் மகளுக்கும் அந்தப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினீர்கள். அதன்பின் நடந்ததை எழுதி, சில கேள்விகளும் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தாள் மட்டும் புது வண்ணத்தில் மறுபடி அச்சாகி வந்திருக்கிறது. இனி ஊரறியக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். என் கணவருக்கும் எனக்கும் கண்ணாடி உண்டு. மகளுக்கு ஏழு வயதில் மைனஸ் ஒன்றில் தொடங்கியது, பத்து வயதில் மூன்றரை. பவர் ஏறுவது கண்ணாடிக் கடைக்காரரின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்கும் உறவினர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். "பெரியவள் ஆனதும் லேசர் ஆபரேஷன் செய்துகொண்டால் கண்ணாடி போய்விடும், கல்யாணத்துக்கு எந்தத் தடையும் வராது" என்பார் என் மாமியார். கண்ணாடி போகும், ஆனால் நீண்டுபோன விழி நீண்டபடியேதான் இருக்கும். பெரியவர்களின் விழி முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் சேர்ந்துவிடும். விழி நீள நீள, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. விழித்திரை விலகல், மையப் பார்வையைக் கெடுக்கும் விழித்திரைச் சிதைவு, கண்நீர் அழுத்த நோய் ஆகியவை வருவதற்கான வாய்ப்பு அதிக மைனஸ் உள்ளவர்களுக்குக் கூடுதல். கருவிழியைச் செதுக்கும் ஆபரேஷன் இதில் எதையும் மாற்றுவதில்லை. ஆகவே, குழந்தை வளரும் காலத்திலேயே விழியின் நீட்சியைத் தடுக்க வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஓடிப்போய்க் கேட்கிற முதல் ஆள் நான்தான். உங்களிடம் வந்ததும் அப்படித்தான்.

இந்தச் சிகிச்சை வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சீனாவில் 8 முதல் 13 வயது வரையுள்ள 264 குழந்தைகளை வைத்துப் பல மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் ஆப்தால்மாலஜி ஆய்விதழில் வெளிவந்தது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி, ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஓராண்டு முடிவில், சாதாரணக் கண்ணாடி மட்டும் போட்ட குழந்தைகளின் விழி சராசரியாக 0.38 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. ஒளியும் பார்த்த குழந்தைகளுக்கு 0.13 மில்லிமீட்டர்தான். பவர் ஏற்றம் முக்கால் பங்கு குறைந்திருந்தது. கிட்டப்பார்வைக்கு இதுவரை சோதிக்கப்பட்ட வழிகளில் இவ்வளவு பெரிய பலன் காட்டியவை மிகச் சிலவே. அந்த ஓராண்டில் பெரிய பாதிப்பு எதுவும் பதிவாகவும் இல்லை. இதையெல்லாம் நானே தேடிப் படித்தேன். உங்கள் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை.

அங்கே சொன்னது வேறு. கருவியைக் கையில் வாங்கும்போது நான் நான்கு விஷயங்கள் கேட்டேன். உள்ளே இருப்பது லேசரா, எல்.இ.டி. விளக்கா? அலைநீளம் என்ன? குழந்தையின் கண்மணிக்குள் போகும் ஒளியின் திறன் எத்தனை மில்லிவாட்? இந்தியாவில் இறக்குமதி செய்வதற்கான உரிம எண் எது? கண் மருத்துவரைப் பார்க்க மூன்று நிமிடம்தான் கிடைத்தது. அவர் கவுன்சிலரிடம் கேட்கச் சொன்னார். கவுன்சிலர் என்று அங்கே அமர்ந்திருந்த இளம்பெண், "அது வெறும் வெளிச்சம்தான் மேடம், டெக்னிக்கல் விவரமெல்லாம் கம்பெனிக்குத்தான் தெரியும்" என்றார். அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் முன்பணத்துக்கும் மாத வாடகைக்கும் மட்டும் அவரிடம் அச்சடித்த படிவம் இருந்தது. குழந்தையின் கண்ணுக்குள் போவது என்னவென்று சொல்ல ஒரு வரி அச்சடித்த காகிதம் இல்லை.

அந்தச் சீனச் சோதனையில் சேர்ந்த குழந்தைகளின் விழித்திரையை, அதன் அடுக்குகளைப் படமெடுத்துக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தார்கள். என் மகளுக்கு நீங்கள் அதை எடுக்கவில்லை. விழியின் நீளத்தைக்கூட அளக்கவில்லை, பவரை மட்டும் பார்த்தீர்கள். நீளத்தை அளக்காமல், நீட்சி குறைகிறதா என்பதை எதை வைத்துச் சொல்லப்போகிறீர்கள்?

இன்னொரு கேள்வியையும் நீங்கள் கேட்கவில்லை. அது நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் பரம்பரை விழித்திரை நோய் அப்படிப்பட்ட குடும்பங்களில் தலைகாட்ட வாய்ப்பு அதிகம் என்பது கண் மருத்துவர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் கணவரின் சித்தப்பா ஒருவர் நாற்பது வயதுக்குமேல் துணையில்லாமல் தெருவில் நடக்க முடியாமல் போனவர். ஏற்கெனவே பலவீனமாக இருக்கக்கூடிய விழித்திரைக்குள் தினமும் ஒளியைச் செலுத்துவதற்குமுன், "வீட்டில் யாருக்காவது விழித்திரை நோய் உண்டா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? முன்பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பலாமா என்று நான் கேட்டபோது உடனே பதில் கிடைத்தது.

வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். காலையில் பள்ளி வேன் வருவதற்குமுன் மூன்று நிமிடம், மாலையில் பால் குடித்தபின் மூன்று நிமிடம். கருவி இணையத்தோடு இணைந்தது. ஒரு நாள் தவறினாலும் உங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். "நேற்று மாலை செய்யவில்லையே மேடம், ரிசல்ட் பாதிக்கும்" என்பார்கள். இந்த அக்கறையை நான் மெச்சிக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து மகள் சொன்னாள்: "அம்மா, பெட்டியை மூடின பிறகும் சிவப்பு வட்டம் போகமாட்டேன் என்கிறது. வேனில் ஏறின பிறகும் தெரிகிறது." பிரகாசமான ஒளியைப் பார்த்தபின் சிறிது நேரம் பின்பிம்பம் தெரிவது இயல்புதான். இந்தச் சிகிச்சையிலும் அது எதிர்பார்க்கப்படுவதே. சில நிமிடங்களில் மறைந்துவிட வேண்டும். மறையாமல் நீடித்தால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதுவும் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு உங்கள் உதவி எண்ணைத்தான் அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் குழந்தையின் வயதைக்கூடக் கேட்கவில்லை. "கண் பழகிக்கொண்டிருக்கிறது, தொடருங்கள், நிறுத்தினால் பவர் ஏறிவிடும்" என்றார். மருத்துவரிடம் பேச வேண்டும் என்றேன். அடுத்த பரிசோதனை ஆறு மாதத்துக்குப் பிறகு என்று தேதி சொன்னார்.

ஒரு நாள் செய்யத் தவறினால் அன்றைக்கே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. குழந்தையின் கண்ணில் ஏதோ சரியில்லை என்று தாயே அழைத்துச் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. என் மனக்குறை இதுதான். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அன்றோடு கருவியை நிறுத்தினோம். வேறோர் ஊரிலுள்ள பெரிய கண் மருத்துவமனையில் ஓ.சி.டி. எடுத்தார்கள். விழித்திரையில் சேதம் எதுவும் தென்படவில்லை. வட்டமும் நாளடைவில் தெரியாமல் போயிற்று. ஆகவே, என் மகளின் கண் கெட்டுவிட்டது என்று நான் உங்கள்மேல் பழி சுமத்தவில்லை. கெட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் சொல்கிறேன்.

கெட்டுப்போனது இன்னொரு குழந்தைக்கு நடந்திருக்கிறது. சீனாவில் ஐந்து மாதம் இத்தகைய கருவியைப் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமிக்கு இரண்டு கண்களிலும் பார்வை மங்கியதை 2023இல் ஜாமா ஆப்தால்மாலஜி இதழில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கூர்மையான பார்வைக்கு ஆதாரமான விழித்திரை மையத்தில், ஒளியை வாங்கும் செல்களின் அடுக்கு குலைந்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. கருவியை நிறுத்தி மூன்று மாதம் ஆனபின் பார்வை ஓரளவு மீண்டது. அந்தச் சிறுமியும் பிரகாசமான ஒளியும் நீடித்த பின்பிம்பமும் தொந்தரவு செய்ததாகத்தான் முதலில் சொன்னாள். உங்கள் உதவி எண்ணில் இருப்பவர் இந்த ஒரு செய்தியைப் படித்திருந்தால் "பழகிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லியிருக்க மாட்டார்.

லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு நடப்பதைப் பெரிதாக்குகிறேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, அளவீட்டுக்கு வருவோம். அது என் பாடம். அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் லிசா ஆஸ்ட்ரினும் அவருடன் பணிபுரிந்தவரும் விற்பனையிலுள்ள இரண்டு சிவப்பு ஒளிக் கருவிகளை ஆய்வகத்தில் வைத்து அளந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் லேசர்கள். வகைப்படுத்தினால் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் வகுப்பில்தான் வருகின்றன. ஆனால் மூன்று நிமிடம் இடைவிடாமல் பார்த்தால் விழித்திரைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பை நெருங்குகின்றன, அல்லது தாண்டுகின்றன. வகுப்பைச் சொல்லும் முத்திரையை மட்டும் காட்டிப் பாதுகாப்பானது என்று பேசுவதில் உள்ள ஓட்டை இதுதான். இந்தச் சிகிச்சையில் குழந்தையை அசையாமல் உட்காரவைத்து, ஒளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறோம். கூசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இயல்பான தற்காப்பையே விட்டுவிடப் பழக்குகிறோம்.

ஒளி விளிம்புகளில் வளைந்து பரவும் விளிம்பு விளைவைக் காட்ட எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிவப்பு லேசர் பாயிண்டர் வைத்திருக்கிறேன். அதுவும் 650 நானோமீட்டர்தான். அதை யாருடைய முகத்தை நோக்கியும் நீட்டக்கூடாது என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் எச்சரிக்கிறேன். உங்கள் பெட்டியும் என் பாயிண்டரும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. மேலே சொன்ன 264 குழந்தைகள் சோதனையில் நான்கு மில்லிமீட்டர் கண்மணி வழியே போன திறன் 0.29 மில்லிவாட். பாயிண்டரின் திறன் அதைவிடப் பல மடங்கு. ஆனால் உங்கள் பெட்டியின் திறன் எவ்வளவு? அந்தச் சோதனையில் பயன்பட்ட கருவியும் உங்கள் கருவியும் ஒன்றா? ஒரு கருவிக்குக் கிடைத்த நற்பெயரை, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் எல்லாப் பெட்டிகளும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. கண்மணியின் அளவும் குழந்தைக்குக் குழந்தை மாறும். பவர் ஏறுவதைக் குறைக்கக் கொடுக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து போட்டு விரிந்த கண்மணிக்குள் இன்னும் அதிக ஒளி போகும். இரண்டையும் சேர்த்தே கொடுக்கும் கிளினிக்குகளில் இதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

சீனாவே விழித்துக்கொண்டுவிட்டது. இந்தச் சிகிச்சை பிறந்து வளர்ந்த நாடு அதுதான். முதலில் சோம்பேறிக் கண்ணுக்காக (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத குறைக்காக) வந்த கருவிகள்தான் பிறகு கிட்டப்பார்வைக்கும் பயன்பட்டு வீடு வீடாகப் பரவின. அந்நாட்டின் மருத்துவப் பொருள் ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் இவற்றை மிக அதிகக் கட்டுப்பாடுள்ள மூன்றாம் வகைக்கு உயர்த்தி அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த வகையில் புதிதாகப் பதிவு பெறாத கருவியை அங்கே தயாரிக்கவோ விற்கவோ கூடாது. நீங்கள் எனக்குக் கொடுத்த பெட்டியில் தயாரிப்பு ஆண்டு இல்லை. அந்த மாடல் அங்கே மூன்றாம் வகைப் பதிவு பெற்றதா என்பதும் என் கடிதத்தில் இருந்த கேள்விகளில் ஒன்று.

நிறுத்துவது பற்றியும் நீங்கள் பேசியதில்லை. எப்போது நிறுத்தலாம் என்று கேட்டதற்கு, "பதினெட்டு வயது வரை பார்த்துக்கொள்ளலாம்" என்றார் உங்கள் கவுன்சிலர். பத்து வயதுக் குழந்தைக்கு எட்டு ஆண்டு! வெளிவந்த சோதனைகளில் பெரும்பாலானவை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. அதே சீனக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டுக்குப் பிறகு ஒளியை நிறுத்தியவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் விழி வேகமாக நீண்டது. அதாவது தொடங்கியபின் நிறுத்துவதற்கும் ஒரு விலை இருக்கிறது. இதைத் தொடங்குமுன் சொல்ல வேண்டாமா? உங்கள் உதவி எண்ணில் அதைப் பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்களே தவிர, கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லை.

துண்டறிக்கையில் இன்னொரு வரி: "சூரிய ஒளிக்கு மாற்று." திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம்மிடம் குறைவில்லாமல் இருப்பது அது ஒன்றுதான். சீனாவின் குவாங்சோ நகரில் ஆரம்பப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015இல் ஜாமா இதழில் வந்த முடிவு இது. தைவான் அரசு 2010 முதல் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்லிப் பள்ளிகளை வலியுறுத்துகிறது. வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் இருக்கும். வேப்பமர நிழலில் நின்றாலே அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும், வெயிலில் நிற்க வேண்டியதுகூட இல்லை. அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான் அதிகம் உதவும், ஏற்கெனவே வந்துவிட்ட பவரை அவ்வளவாக நிறுத்தாது என்பதும் உண்மை. என் மகளுக்கு அது காலம் கடந்த அறிவுரை. ஆனால் துண்டறிக்கை வாங்கிய பெற்றோரில் பலருடைய பிள்ளைகளுக்கு இன்னும் பவரே வரவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பெட்டியை நீட்டுவதற்குமுன் தெருவில் விளையாட விடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்தானே?

(நம் வீடுகளின் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார், பள்ளி முடிந்ததும் டியூஷன், அதுவும் முடிந்தால் "வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய்" என்று பாட்டி உள்ளே இழுத்துக்கொள்வார். பெண் குழந்தையென்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சண்டையை நான் வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.)

குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்தைப் பற்றியும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஹாங்காங்கில் மூன்று செறிவுகளை ஒப்பிட்டு நடத்திய சோதனையில் 0.05 சதவீதம் மற்ற இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது. 0.01 சதவீதம் நம் மருந்துக் கடைகளிலேயே சீட்டைக் காட்டினால் கிடைக்கிறது. கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி வில்லைகளும் வந்துவிட்டன. அவை எல்லோருக்கும் பொருந்தும் என்றோ பக்கவிளைவே இல்லை என்றோ நான் சொல்லவில்லை. அவற்றை முதலில் வைத்து, சிவப்பு ஒளியைக் கடைசியில் வைத்து, எல்லாவற்றின் சாதக பாதகத்தையும் சொல்லி, முடிவை எங்களிடம் விட்டிருக்க வேண்டும். மாத வாடகை வரும் வழி ஒன்றை மட்டும் மேசையில் வைத்தீர்கள்.

தில்லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. கிழக்காசிய நகரங்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் எண்பது சதவீதத்துக்கும் மேல். நாம் எந்தத் திசையில் போகிறோம் என்பது என் வகுப்பில் முன்வரிசைக்கு இடம் கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களுக்கு வரப்போகும் குழந்தைகள் குறையப்போவதில்லை. ஆகவேதான் இப்போதே கேட்கிறேன்.

துண்டறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். "பக்கவிளைவு அறவே இல்லை" என்பது பொய். "மூன்று வயது முதல்" என்பதற்கு நான் படித்த எந்தச் சோதனையிலும் ஆதாரம் இல்லை. உங்களிடம் இருந்தால் அதை அச்சிடுங்கள்.

கருவி கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். லேசரா இல்லையா, அலைநீளம், கண்மணிக்குள் போகும் திறன், மாடல் பெயர், தயாரிப்பாளர், தயாரிப்பு ஆண்டு, உரிம எண் ஆகியவை அதில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி இந்தியாவில் சாதனங்கள் ஏ முதல் டி வரை வகைப்படுத்தப்பட்டு, சி, டி வகைகளுக்கும் 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயமாகிவிட்டது. உங்கள் பெட்டி எந்த வகையில் உரிமம் பெற்றது என்று சொல்ல ஒரு வரி போதும். உரிமம் இல்லையென்றால், இருக்கும் கருவிகளை எல்லா வீடுகளிலிருந்தும் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். என்னுடையது இன்னும் வரவில்லை.

தொடங்குமுன் விழியின் நீளத்தையும் ஓ.சி.டி. ஸ்கேனையும் எடுங்கள். குடும்பத்தில் விழித்திரை நோய் உண்டா, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்று கேட்டுக் கோப்பில் எழுதுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றிரண்டு மாத இடைவெளியில் குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் இந்தக் கருவியைக் கொடுக்காதீர்கள். ஒளியை நிறுத்தினால் என்ன ஆகும், எப்போது, எப்படி நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லுங்கள்.

உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை போடுங்கள். பின்பிம்பம் நீடிக்கிறது, பார்வை மங்குகிறது, நடுவில் புள்ளி தெரிகிறது, கண் கூசுகிறது என்று எந்தப் பெற்றோர் சொன்னாலும், "இன்றே நிறுத்துங்கள்" என்பதுதான் முதல் வாக்கியம். மருத்துவர் மறுநாளுக்குள் பார்க்க வேண்டும். இணையம் வழியாகக் கருவியைக் கண்காணிக்கிற உங்களால், புகார் வந்த குழந்தையின் கருவியை அங்கிருந்தே பூட்டவும் முடியும். பூட்டுங்கள்.

இப்படி வரும் ஒவ்வொரு புகாரையும் மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டத்துக்கு அனுப்புங்கள். 2015 முதல் நடக்கும் திட்டம் அது. காஸியாபாதிலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன்தான் அதன் மையம். என் மகளின் விவரத்தை நானே அங்கு அனுப்பப்போகிறேன். அதே காலத்தில் உங்களிடம் கருவி வாங்கிய மற்றக் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அனைவரையும் இந்த விடுமுறைக்குள் அழைத்து, செலவு உங்களுடையதாக, விழித்திரை ஸ்கேன் எடுங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தில் என் முகவரி இருக்கிறது. பதிலை எழுத்தில், மருத்துவரின் கையெழுத்துடன், உங்கள் கோடை விடுமுறைச் சலுகை தொடங்குவதற்குமுன் எதிர்பார்க்கிறேன். வரவில்லையென்றால் இந்த மடலின் நகலும் துண்டறிக்கையும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், எங்கள் மாவட்டத்தின் எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் போகும்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி